இரத்தக் குழாய்களுக்கு உகந்த மீனும் கீரையும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வஞ்சிரத்துக்கு அருகிலேயே விலை குறைவாகக் கிடைக்கும் கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவைக் குறைக்க உதவுகின்றன. ஆகவே வாரம் இருமுறை அவற்றைப் பொரிக்காமல், தேங்காய்ப்பால் குறைத்துக் குழம்பாக வைத்து உண்ணுங்கள். ஏனெனில் தேங்காய்ப்பாலின் நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியது.

கீரையைப் பொறுத்தவரை, சமைக்கும் முறையே முக்கியம் என்பேன். அதிலுள்ள நைட்ரேட்டு, வாயில் வாழும் நல்ல பாக்டீரியாக்களின் துணையோடு படிப்படியாக நைட்ரிக் ஆக்சைடாக மாறி, இரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. நைட்ரேட்டு நீரில் கரைவதால், வேகவைத்த நீரைக் கொட்டாமல் அதனுடனேயே கீரையைக் கடையுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோர் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் கீரையின் அளவைத் திடீரென மாற்ற வேண்டாம்.