அக்கா மகளைத் தத்தெடுத்தபோது தடுத்த ஒரு கையெழுத்து

அக்காவின் 11 வயது மகளைத் தத்தெடுக்க நானும் மனைவியும் முடிவு செய்தபோது, பரஸ்பர சம்மத விவாகரத்தில் குழந்தை முழுமையாக அக்காவின் பொறுப்பில் விடப்பட்டிருந்ததால், அவள் கையெழுத்து ஒன்றே போதும் என்று நம்பினோம். தத்துப்பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் திரும்பியது. நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பார்த்தோம். இருநூறு ரூபாயும் இரண்டு நாளும் போனதுதான் மிச்சம்.

பிறகு பார்த்த குடும்பநல வழக்கறிஞர், தீர்ப்பு நகலில் 'பொறுப்பு' என்ற சொல்லின் கீழ் கோடிட்டுக் காட்டினார். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, துறவு, மதமாற்றம், நீதிமன்றம் அறிவித்த மனநலக் குறைபாடு ஆகியவை இல்லாதவரை, விவாகரத்தான தந்தையின் சம்மதமும் வேண்டும். முன்னாள் அத்தான் மறுப்பார் என அஞ்சினோம். அவரோ ஒரே சந்திப்பில் சம்மதித்தார்.

யாரும் கவனிக்காதது இன்னொன்று. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் ஆணுக்கு 21 வயதேனும் கூடுதலாக இருக்க வேண்டும். எங்கள் வித்தியாசம் 21 ஆண்டு 4 மாதம். ஆனால் என் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு உண்மையானதைவிட ஓராண்டு பிந்தையதாகப் பதிந்திருந்ததால், அதன்படி 20 ஆண்டு 4 மாதம்தான் வந்தது! நகராட்சிப் பிறப்புச் சான்றிதழை இணைத்து, தந்தை, தாய், நான், மனைவி ஆகிய நால்வரும் கையெழுத்திட்ட பத்திரம் அடுத்த வாரமே பதிவானது.