வேலை நேரம் குறைந்து காப்பீடு போகும்போது: என் அனுபவம்

அமெரிக்காவில் வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம், அதாவது மாதத்துக்கு 130 மணி நேரத்துக்குக் கீழே போனால், பெரிய நிறுவனம்கூட மருத்துவக் காப்பீடு தந்தே ஆகவேண்டும் என்றில்லை. என் நேரத்தைக் குறைத்தபோது ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டவை இரண்டு: மணிக்கணக்கை மாதாமாதம் பார்க்கிறீர்களா, முந்தைய மாதங்களின் சராசரியை வைத்துப் பார்க்கிறீர்களா? காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது?

சராசரி முறை என்றால், ஏற்கெனவே தகுதி பெற்றவருக்குக் அந்தத் தகுதி செல்லும் காலம் (குறைந்தது 6 மாதம்) முடியும்வரை காப்பீடு பொதுவாகத் தொடரும். சம்பளச் சீட்டுகளை எடுத்து வேலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு நேரமும் கணக்கில் சேரும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நின்றுதான் போகும் என்றால், நிற்பதற்கு முன்பே, தனியாகக் காப்பீடு வாங்கும் அரசுத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ்வில் திட்டம் எடுங்கள். பழையது மாதக் கடைசியில் முடிந்தால் புதியது மறுநாளே தொடங்கும். நின்றபின் 60 நாள்தான் கெடு.

20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் கோப்ராவும் உண்டு; அதாவது, நிறுவனத்தின் பழைய காப்பீட்டையே உங்கள் செலவில் தொடரும் வழி. முழு பிரீமியத்தில் 102% வரை கட்டவேண்டும், கை கடிக்கும். ஆனால் 60 நாளுக்குள் கேட்டுப் பணம் கட்டினால், நின்ற நாளிலிருந்தே செல்லும். இடையில் வந்த ஆஸ்பத்திரி பில்லுக்கும் அது பொருந்தும். அந்த 60 நாள் கடந்தபின் கோப்ராவை நீங்களாக நிறுத்தினால், ஹெல்த்கேர் டாட் கவ்வில் திட்டம் எடுக்க, எல்லாரும் சேரக்கூடிய அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க நேரும்.