சென்னையிலிருந்து சிங்கப்பூர்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டிக்கெட் போட்டதும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" சென்னை–சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கும் இதே முறைதான்.

1. தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மீனம்பாக்கம் ஓடுபாதையின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்து, சாங்கி விமான நிலையத்தின் மேல் ஒரு கிளிக். 2,900 கி.மீ.க்குச் சற்று மேலே காட்டும். தொலைதூர ஊர்களுக்குக் கோடு வளைந்து தெரியும். உருண்டையான பூமியில் அதுதான் குறுக்குவழி. ஊர்ப்பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு தூரமும் நேரமும் சொல்லும் தளங்களை நான் பார்ப்பதே இல்லை. விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளப்பதுதான் சரி.

2. உத்தேச நேரம்

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. தூரத்தை அதால் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலேற, கீழிறங்க இன்னும் அரை மணி. ஆக, நான்கு மணி நேரம்.

3. டிக்கெட்டோடு ஒத்துப் பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கழித்தால் 6.45 மணி நேரம் வரும், அது தவறு. முதலில் 6.00 மணியை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்: அதிகாலை 3.30. இப்போது கழித்தால் 4.15 மணி நேரம். எப்போதும் இரண்டு நேரத்தையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்த பிறகே கழிக்க வேண்டும்.

தேதியையும் பாருங்கள். 15ஆம் தேதி அதிகாலை 12.30 விமானம் என்றால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

4. காற்று

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. உண்மையில் பறந்த நேரம் வேண்டுமானால், விமானங்கள் பறப்பதைப் பின்தொடர்ந்து காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, முந்தைய நாட்களின் பதிவைப் பாருங்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை.

பின்சேர்க்கை: திரும்பி வரும் டிக்கெட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதோடு இரண்டரையைக் கூட்டுங்கள், சரியாக வரும். லண்டன் போகிறவர்கள் கவனிக்க: அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதனால் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் பயணம் என்றால், அந்தத் தேதிக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.