விந்தணுவைக் கெடுக்கும் தொற்று: ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எரிச்சல் இல்லை, வலி இல்லை, எனக்கு எங்கிருந்து தொற்று?" குழந்தைப்பேறு தள்ளிப்போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. முதல் தவறும் இதுதான். பாலுறவு வழியாகப் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா பல ஆண்களிடம் எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கியிருக்கும். கவனிக்காமல் விட்டால், விந்தணுக்கள் முதிரும் விரைமேல் குழாய் வரை அது பரவலாம். அங்கே தழும்பு விழுந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால், விரைகள் நன்றாக வேலை செய்தாலும் விந்தில் ஓர் அணுகூட இருக்காது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது.

அடைப்பு இல்லாவிட்டாலும் பாதிப்பு உண்டு. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. விந்தணுவின் மேலுறை எளிதில் சிதையும் கொழுப்பால் ஆனது; தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வசதியும் அதற்கு மிகக் குறைவு. அதனால் நீந்தும் வேகம் குறையும், உள்ளிருக்கும் டிஎன்ஏ உடையும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து "நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பது அதனால்தான் சரியில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் 'சீழ் செல்கள்', அதாவது வெள்ளணுக்கள், என்று பார்த்ததுமே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். முதிராத விந்தணுச் செல்களும் சாதாரண நுண்ணோக்கியில் அதேபோல உருண்டையாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டும் பெராக்சிடேஸ் சாயப் பரிசோதனையில் வெள்ளணு மில்லிலிட்டருக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அதிகம் என்று கொள்வார்கள். தாண்டினாலும் அது தொற்றுக்கு உறுதியான சாட்சி ஆகாது. எந்தக் கிருமி என்று தேட வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சரில் கிளமிடியா வளராது, அதற்குச் சிறுநீரின் முதல் பகுதியில் மரபணுப் பரிசோதனை தேவை.

பாலுறவு வழித் தொற்று உறுதியானால் கணவன் மட்டும் மாத்திரை சாப்பிடுவது வீண் வேலை. மனைவிக்கும் சிகிச்சை வேண்டும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருவருக்குமிடையே போய்வந்துகொண்டே இருக்கும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாத்திரை முடிந்த மறுவாரமே விந்துப் பரிசோதனைக்கு ஓடுவதும் பயன் தராது. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள், விரைமேல் குழாயைக் கடக்க இன்னும் சில நாள். ஏறக்குறைய 3 மாதம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் எண்ணிக்கையைக் குறைக்கும்.

ஒன்று மட்டும் காத்திருக்காது: திடீரென்று ஒரு விரையில் கடும் வலி. தொற்று என்று நினைத்து வலி மாத்திரையோடு படுத்துவிடாதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்றச் சுமார் 6 மணி நேரம்தான் கிடைக்கும். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.