பால் கேன் படியில் உருளட்டும்

கோபிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. ஆடி பிறந்தால் வேலை இருக்காது. அப்போதுதான் காலேஜ் பசங்க வருவார்கள்: “அண்ணா, பெரிய படத்துல வர்ற ஒரு சீனைக் கிண்டல் பண்ணி எடுக்கோணுங்க.” வந்ததும் கூலிங் கிளாஸ், கோட்டு என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் கடைசியில்.

முதலில் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள். அப்புறம் படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். எது போனால் காட்சியே அடையாளம் தெரியாமல் போகிறதோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சைக்கோ’ (1960) குளியலறைக் கொலையில் அது பெர்னார்ட் ஹெர்மனின் கீச்சிடும் வயலின். ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) கார்ட்டூனில் டார்லா என்கிற வாண்டு வரும்போது கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை, அந்த வயலின்தான். பழைய படம் பார்க்காத குழந்தைக்கும் ‘ஐயோ, வந்துட்டா’ என்று புரிகிறது. மூலம் தெரியாதவரும் சிரிக்காவிட்டால் அது இரவல் இல்லை, வெறும் பீற்றல்.

பசங்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ (1925) படிக்கட்டுக் காட்சி. ஒடெசா நகரில் சிப்பாய்கள் சுட, தாய் விழ, குழந்தை வண்டி படியில் உருள்கிறது. பிரையன் டி பால்மா ‘தி அன்டச்சபிள்ஸ்’ (1987) படத்தில் அதைச் சிகாகோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார். சிப்பாய்கள் போய்க் கேங்ஸ்டர்கள் வந்தார்கள். படியும் வண்டியும் தாயின் முகமும் அப்படியே. 1994-ல் வந்த மூன்றாவது ‘நேக்கட் கன்’ படம் அந்த இரவலையே கேலி செய்தது.

சரி, நம் ஊரில் குழந்தை வண்டியை யார் தள்ளுகிறார்கள்? பால் கேனை உருட்டுங்கள். மேலே ஆத்தா, கீழே பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரோடு பால் சொசைட்டிக்காரர். பிள்ளையார் கோயிலின் பத்துப் படி போதும். ஐசன்ஸ்டைன் ஒரே இறக்கத்தை வேறு வேறு கோணத்தில் எடுத்து, நடுவில் முகங்களை வெட்டிச் சேர்த்தார். அதனால் படிக்கட்டு முடிவதே இல்லை. நீங்களும் கேனைத் திரும்பத் திரும்ப உருட்டி, இடம் மாறி எடுங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் நடுவே ஒரு முகம். பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், காலிக் கேன் துள்ளி எங்காவது போய்விடும். எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

பின்னணி இசையைச் சுட வேண்டாம், உரிமைத் தகராறு வரும். கேன் உருளும் ‘டங் டங்’கைத் தனியாகப் பதிவு செய்து போடுங்கள். வசனம் ஒன்றே ஒன்று, ஆத்தாவின் “அட, என்ற பாலு!” அதுவும் கேன் உருண்டு நின்ற பிறகு.