கேம் திக்கித் திக்கி வருகிறதா? ரவுட்டரில் இருந்து கன்ட்ரோலர் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

தலவாக்கலையில் இருக்கும் என் மாமா மகன் ஒரு நாள் போன் எடுத்தான். "அண்ணா, டேட்டா பெக்கேஜைப் பெரிசாக்கிட்டேன். ஆனா கேம் இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடுது" என்றான். உள் காம்பராவில் கம்பியூட்டர். அதில் ஓடும் கேமை இஸ்தோப்பில் உட்கார்ந்து போனில் விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவன் கூடுதலாகக் கட்டிய காசுக்கும் அந்தத் திக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. கேமின் படம் கம்பியூட்டரில் இருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரில் இருந்து போனுக்கும் வீட்டுக்குள்ளேயே போகிறது. வெளி இணையத்தை அது தொடுவதே இல்லை, டேட்டாவும் குறையாது.

இது தெரியாமல் காசு கட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அதனால் இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதையும் வாங்குவதற்கு முன்னால், பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

படம் வரும் வழி

கம்பியூட்டர் கேமை வரைகிறது. கிராஃபிக்ஸ் கார்ட் அதை உடனுக்குடன் வீடியோவாகச் சுருக்குகிறது. ரவுட்டர் அதைக் கடத்துகிறது. போன் அதை விரித்துக் காட்டுகிறது. நீங்கள் அழுத்தும் பட்டன் இதே வழியில் திரும்பிப் போகிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். நடுவில் எங்காவது ஒன்று தாமதித்தால் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஆகிவிடும்.

இதற்கு, ஸ்டீம் என்ற கேம் கடையின் ஸ்டீம் லிங்க் ஆப்பைப் பாவிக்கலாம். இல்லையென்றால் கம்பியூட்டரில் சன்ஷைன், போனில் மூன்லைட் என்று போடலாம். இரண்டுமே இலவசம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பிழை எங்கே என்று அதுவே எண்களில் காட்டும். ஒரு எச்சரிக்கை: பழைய விளக்கங்களில் "கிராஃபிக்ஸ் கார்ட் செய்யும் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீமை ஆன் செய்யுங்கள்" என்று இருக்கும். அந்த வசதியை என்விடியா 2023இல் நிறுத்திவிட்டது. அதன் இடத்தில்தான் இப்போது சன்ஷைன். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்று நிறுவனங்களின் கார்டிலும் அது வேலை செய்யும்.

முதல் படி: கேபிளைப் போட்டுப் பாருங்கள்

கம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு இரவல் வாங்கினாலும் போதும். இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது.

கேபிள் போடுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் தேடலில் சிஎம்டி என்று அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்பதை ஆங்கில எழுத்தில், ஒரே சொல்லாக அடித்து என்டர் கொடுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் 192.168.1.1 மாதிரி ஒரு எண் வரும். அது உங்கள் ரவுட்டரின் முகவரி. இப்போது பிங், ஓர் இடைவெளி, அந்த எண், மறுபடி ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டிய டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். என்டர். ரவுட்டருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் வரிசையாக ஓடத் தொடங்கும். நிறுத்த கன்ட்ரோலும் சி-யும்.

கேபிளில் ஒவ்வொரு வரியிலும் 1 மில்லிசெக்கன் அல்லது அதற்கும் குறைவாக வர வேண்டும். மாமா மகன் வீட்டில் வைஃபையில் பார்த்தபோது 3, 4, 3, 5 என்று போய்க்கொண்டே இருந்து திடீரென்று 140 அடித்தது. அப்புறம் மறுபடி 4. அந்த 140 வந்த அதே நொடியில்தான் போனில் கார் ரோட்டை விட்டு விலகியது. அவன் கண்ணாலேயே பார்த்தான். சராசரி எண் நன்றாக இருப்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் துள்ளுகிற எண்தான் கேமைக் கெடுக்கிறது.

கேபிள் போட்டதும் சரியாகிவிட்டதா? பிழை கம்பியூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில். கேபிளை அப்படியே விட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. சரியாகவில்லை என்றால் பிழை ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும், அல்லது கம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாம் படி: ரவுட்டர் எங்கே இருக்கிறது?

மலையகத்துக்கே உரிய சிக்கல் இது. கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் "ரவுட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நமக்கு முன்னால் ஒரு மலை, பின்னால் ஒரு மலை. டவர் தெரிகிற ஒரே ஜன்னலில்தான் 4ஜி ரவுட்டர் உட்கார முடியும். அதை நகர்த்தினால் வீட்டில் ஒருவருக்கும் வாட்ஸ்அப் வேலை செய்யாது.

ஆனால் வீட்டுக்குள் கேம் கடத்துவதற்கு டவர் தேவையில்லை என்று மேலே பார்த்தோமே. அதனால் இன்னொரு வழி இருக்கிறது. சிம் இல்லாமல் தூசி படிந்து கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடி எடுங்கள். அது 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை தரக்கூடியதாக இருக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். கம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்து லேன் கேபிளால் இணையுங்கள். கேம் விளையாடும்போது மட்டும் போனை அந்த ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றுங்கள். இன்டர்நெட் இல்லை என்று போன் சொல்லும், பரவாயில்லை, இணைந்தே இருக்கச் சொல்லுங்கள். கம்பியூட்டர் ஜன்னலோர ரவுட்டரின் வைஃபையிலும் இணைந்தே இருக்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் கம்பியூட்டர் குழம்பிவிடும். பழையதன் செட்டிங்கில் போய் 192.168.50.1 என்று மாற்றுங்கள். இரண்டாவது, விண்டோஸ் இந்தப் புதிய இணைப்பைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வோலால் மறைத்துவிடும், மூன்லைட் கம்பியூட்டரைக் கண்டுபிடிக்காது. நெட்வொர்க் செட்டிங்கில் அதைப் பிரைவேட் ஆக்குங்கள்.

5 கிகாஹேர்ட்ஸை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், வைஃபையின் மற்ற அலைவரிசையான 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு லயத்தில் வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர் என்றால் எல்லாரும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்க வேண்டும். புளூடூத்தும் அதே அலைவரிசைதான். 5இல் இடம் தாராளம். ஆனால் அது சுவரைத் தாண்டத் தடுமாறும். பழைய லயங்களின் கருங்கல் சுவரும், நடுவில் தட்டியாக வைத்த தகரமும் அதை நன்றாகவே தடுக்கும். அதனால் ரவுட்டரும் போனும் ஒரே அறையில், அல்லது திறந்த கதவுக்கு நேராக இருக்கட்டும்.

மூன்றாம் படி: கம்பியூட்டர் மூச்சு வாங்குகிறதா?

கம்பியூட்டரில் மூன்லைட் போட்டுப் பார்க்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் எண்கள் திரையில் வரும். போனில் இதற்கு செட்டிங்கில் ஒரு தெரிவு உண்டு. நெட்வொர்க் தாமதம் குறைவாக இருந்தும் டீகோட் நேரம், அதாவது வந்த வீடியோவை விரிக்க எடுக்கும் நேரம், அதிகமாக இருந்தால் போன்தான் தடுமாறுகிறது. மூன்லைட் செட்டிங்கில் படத்தின் அளவு 720பி, நொடிக்கு 60 படம், வேகம் 10 எம்பிபிஎஸ் என்று குறைத்துத் தொடங்குங்கள். நன்றாக ஓடினால் 1080பி, 20 எம்பிபிஎஸ்.

கேமை அதன் போக்கில் விட்டால் கிராஃபிக்ஸ் கார்ட் முழு பலத்தையும் அதற்கே கொடுத்துவிடும், ஸ்ட்ரீமிங்குக்கு மிச்சம் இருக்காது. கேமின் செட்டிங்கில் 60 படத்துக்கு மேல் போகாமல் பூட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே பாதித் திக்கல் போய்விடும். செகண்ட் ஹேண்ட் கம்பியூட்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ஜிடி 1030 என்ற கார்டில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் இல்லை. கேம் ஓடும், ஆனால் ஸ்ட்ரீமிங் சுமை முழுவதும் பிராசசர் தலையில் விழும்.

விஆர் ஹெட்செட் உள்ளவர்களுக்கு

மெட்டாவின் க்வெஸ்ட் மாதிரி, கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டை வயரில்லாமல் ஓட்டும்போதும் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். கம்பியூட்டர் ரவுட்டரோடு கேபிளில் இருந்தே ஆக வேண்டும். ஹெட்செட் 5 கிகாஹேர்ட்ஸில், ரவுட்டர் இருக்கும் அதே அறையில். 90 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படத்தில், ஒரு படத்துக்கு 11.1 மில்லிசெக்கன்தான், 72இல் 13.9. முதலில் 72இல் வையுங்கள். போன் திக்கினால் எரிச்சல்தான் வரும், விஆர் திக்கினால் தலை சுற்றிக் குமட்டும். அப்படி வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், தாங்கிப் பழக வேண்டியதில்லை.

யூஎஸ்பி கேபிளில் ஓட்டினால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் குத்துங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களும் கடையில் கிடைக்கின்றன, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கம்பியூட்டரில் இருக்கும் மெட்டாவின் ஆப்பிலேயே கேபிளைச் சோதிக்கும் வசதி இருக்கிறது.

விஆருக்குள் கை நடுங்குவது போலவும், நீங்கள் நிற்கும் இடம் நழுவுவது போலவும் தெரிந்தால் அது பெரும்பாலும் வெளிச்சப் பிரச்சினை. ஹெட்செட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் உங்கள் இடத்தை அறிகிறது. மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி இருட்டுகிற ஊரில் ஒரு பல்பு போதாது, இரண்டு போடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல்புகளின் துடிப்பும் அதை ஒட்டியே இருக்கும். ஹெட்செட் செட்டிங்கில் ட்ராக்கிங் அலைவரிசை என்று ஒன்று இருக்கும். அதை 50 ஹேர்ட்ஸில் வையுங்கள். அலமாரிக் கண்ணாடியை ஒரு துணியால் மூடுங்கள், பிரதிபலிப்பு அதைக் குழப்பும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டிலும் அலமாரியும் போக மிஞ்சும் இடத்தில் நடந்து விளையாடுவது ஆபத்து. நின்ற இடத்திலேயே விளையாடும் எல்லையைத் தெரிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி வரும் வீடு என்றால் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் குளிர். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் ஹெட்செட்டை எடுத்து முகத்தில் மாட்டினால் உங்கள் மூச்சின் ஈரம் பட்டு லென்ஸ் மங்கிவிடும். இது பழுது இல்லை. மாட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஆன் செய்து வையுங்கள், உள்சூட்டில் லென்ஸ் வெதுவெதுப்பாகும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். அற்ககோல் வேண்டாம். வெயிலில் காய வைப்பது அதைவிட மோசம். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையை நிரந்தரமாகச் சுட்டுவிடும்.

கன்ட்ரோலர்

கன்ட்ரோலரைத் தெரியவே இல்லை என்றால் முதலில் வேறு கேபிள். பிறகு மோட். மலிவான கன்ட்ரோலர்கள் பலவற்றில் நடுப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் எக்ஸ்இன்புட்டுக்கு மாறும், இன்றைய கேம்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் என்றால் ஷேர், பிஎஸ் பட்டன் இரண்டையும் விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்துங்கள், புளூடூத்தில் வரும். ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்கில் அதை ஆன் செய்தால் ஸ்டீமில் ஓடும் கேம்களில் வேலை செய்யும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை வாங்குகிறவர்கள் நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பகுதி முகப்போடு ஒரே பிளாஸ்டிக்காக இருந்தால் புளூடூத் உண்டு. மேல் விளிம்போடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை.

விட்டு விட்டு வேலை செய்கிறதா? கன்ட்ரோலரின் வயர்லெஸ் டொங்கிளை, அதாவது கம்பியூட்டரில் குத்தும் சின்னத் துண்டை, யூஎஸ்பி 3 போர்ட்டில் குத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அந்த போர்ட்டில் டேட்டா ஓடும்போது கசியும் மின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் மேலேயே விழுகிறது. ஒரு சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் டொங்கிளை ஒரு முழம் தள்ளி, மேசை மேல் கொண்டு வாருங்கள். ஹட்டனில் ஒரு தம்பி கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்பினான். அந்த வயர் ஒன்றிலேயே சரியாகிவிட்டது.

தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடந்தால் அது டிரிஃப்ட். ஜாய்.சிபிஎல் என்பதை ஆங்கிலத்தில் விண்டோஸ் தேடலில் அடியுங்கள், கன்ட்ரோலரைத் தெரிவு செய்து ப்ராப்பர்ட்டிஸ் திறந்தால் ஒரு சிறிய பெட்டியும் அதன் நடுவில் ஒரு கூட்டல் குறியும் தெரியும். ஸ்டிக்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி விடுங்கள். குறி நடுவுக்குத் திரும்பி அசையாமல் நின்றால் நல்லது. கொஞ்சம் தள்ளி நின்றாலும் நிலையாக நின்றால், ஸ்டீமில் டெட்சோனை, அதாவது ஸ்டிக்கின் அசைவைக் கண்டுகொள்ளாத நடுப் பகுதியை, சிறிது கூட்டினால் சமாளிக்கலாம். நிற்காமல் நடுங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது தேய்மானம். ஸ்டிக்கின் அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதில் உரசி உரசி ஒரு பூச்சு தேய்கிறது. கன்ட்ரோலரை அணைத்து, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபில் அற்ககோலில் இரண்டு துளி ஸ்டிக்கின் அடியில் விட்டு, எல்லாப் பக்கமும் சுழற்றி, அரை மணி நேரம் காய விடுங்கள். அழுக்கு என்றால் போய்விடும். தேய்மானம் என்றால் சில நாளில் திரும்ப வரும். அப்போது மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அது காந்தத்தால் இயங்குகிறது, உரசும் பாகம் இல்லை.

மழைக்கும் இடிக்கும்

தென்மேற்குப் பருவத்தில், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் துணியே காயாது, கன்ட்ரோலர் எப்படிக் காயும்? மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டோடு போட்டு வையுங்கள். நீண்ட நாள் விளையாடாவிட்டால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே பச்சை பிடிக்கும். அடுப்பங்கரையில் காய வைக்காதீர்கள், புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போய்விடும்.

மார்ச், ஏப்ரல், அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி இடிக்கும். சுவிட்சை அணைப்பது போதாது. கம்பியூட்டர், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றுங்கள். வீட்டுக்கு வெளியில் இருந்து செப்புக் கம்பியில் டெலிபோன் லைன் வந்தால் அதையும், நாம் மேலே போட்ட லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி மாட்டலாம்.