இளைஞர்களே நடத்தும் தடுப்புத் திட்டம்: நிதி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப் பழக்கத்தையும் தற்கொலையையும் தடுக்க, இளைஞர்களைக் கொண்டே இளைஞர்களை அணுகும் திட்டங்களுக்கு அரசு நிதி கேட்கும் விண்ணப்பங்கள் நோக்கத்தில் சறுக்குவது குறைவு. சறுக்குவது பட்ஜெட் பக்கத்தில்.

பெரிய தவறு, சக மாணவரைச் சம்பளமில்லாத ஆலோசகராக நினைப்பது. அவருடைய வேலை கவனிப்பது, காதுகொடுத்துக் கேட்பது, நம்பகமான பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவ்வளவுதான். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், பெரிய பள்ளிகளில் பயிற்சி பெற்ற மாணவத் தலைவர்கள் (சக மாணவர்களை அணுகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்), தற்கொலை எண்ணத்தில் இருந்த நண்பரைப் பெரியவரிடம் கொண்டுசேர்க்கும் வாய்ப்பு பயிற்சி பெறாதவர்களைவிட 4 மடங்கு அதிகமாக இருந்தது. அப்படியானால் அந்தப் பெரியவர் அங்கே இருக்க வேண்டுமே! பணம் முழுவதையும் மாணவர் பயிற்சிக்கே ஒதுக்கிவிட்டு, அவர்கள் அழைத்துவரும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற வரியைக் காலியாக விடுகிறார்கள். பொறுப்பாளர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார், இரவிலும் விடுமுறையிலும் எந்த எண், எந்த மனநலப் பிரிவு, எந்தப் போதை மீட்பு மையம் என்பதெல்லாம் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது ஆள் தேர்வு. முதல் மதிப்பெண் வாங்குபவர்களையும் மேடையில் பேசுபவர்களையும் பொறுக்கினால், கடைசி பெஞ்சுக்காரர்கள் அவர்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். "மனசு சரியில்லை என்றால் யாரிடம் பேசுவாய்?" என்று, எழுதுபவரின் பெயரைக் கேட்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள், திரும்பத் திரும்ப வரும் பெயர்களிலிருந்து, எல்லா நட்பு வட்டத்துக்கும் ஒருவராவது வரும்படி எடுங்கள். எதிர்த்திசைத் தவறும் உண்டு: ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களை ஒரே குழுவாக உட்கார வைப்பது. சக மாணவர் நடத்திய ஒரு போதைத் தடுப்புத் திட்டத்தை 2007-இல் ஆராய்ந்தபோது, மற்றவர்களுக்கு அது உதவியது. போதைப் பழக்கம் உள்ள வகுப்பு நண்பர்களைக் கொண்ட மாணவர்களிடமோ உபயோகம் கூடியது.

பேரணி, உறுதிமொழி, டி-ஷர்ட் போன்றவை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஒரு நாள் நிகழ்ச்சியால் பழக்கம் மாறாது. பயமுறுத்தும் படங்களையும் தவிர்க்கலாம். சுவரொட்டியிலோ நாடகத்திலோ தற்கொலை செய்த முறை, இடம், கடிதம் எதுவும் வரக் கூடாது; "முயற்சி தோல்வி" என்று எழுதுவதும் தவறு, உயிர் பிழைத்தது தோல்வி அல்ல. நெருக்கடியிலிருந்து ஒருவர் உதவி கேட்டு மீண்ட கதையைச் சொல்லச் செய்யுங்கள். அத்தகைய செய்திகள் வெளியானபின் தற்கொலை குறைந்ததாக 2010-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு காட்டியது.

ஓராண்டு நிதி வாங்கினால், ஒப்புதலும் ஆளெடுப்பும் முடிவதற்குள் பாதி ஆண்டு போய்விடும். பயிற்சி பெற்ற மேல்வகுப்பினரும் வெளியேறிவிடுவார்கள். குறைந்தது மூன்று ஆண்டு கேளுங்கள், பாதிப் பேரைக் கீழ்வகுப்புகளிலிருந்து எடுங்கள். பயணப்படி, சாப்பாடு, மாதம் இருமுறை மேற்பார்வைக் கூட்டம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். "தன்னார்வம்" என்ற பெயரில் இவற்றை மறைத்தால், வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

"தற்கொலைகளைப் பாதியாகக் குறைப்போம்" என்று இலக்கு எழுதாதீர்கள். லட்சத்துக்குப் பத்து என்று விகிதத்தை வைத்துக்கொண்டால், 5,000 மாணவர்களில் ஆண்டுக்கு அரை மரணம்தான் எதிர்பார்க்க முடியும். அந்த எண்ணில் கூடினாலும் குறைந்தாலும் எதையும் நிரூபிக்க இயலாது. அளக்கக் கூடியவை வேறு: நம்பும் பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்ல முடிகிற மாணவர்கள் எத்தனை பேர், கடந்த 30 நாளில் மது, புகையிலை, பிற போதைப்பொருள் உபயோகித்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் உதவிக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். முதல் கணக்கெடுப்பு பயிற்சிக்கு முன்பே நடக்க வேண்டும். அதில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதானால், பெயருடனா பெயரின்றியா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பெயருடன் வாங்கிய தாளை அன்றே படிக்க ஆள் வேண்டும்; பெயரின்றி வாங்கினால், ஒவ்வொரு தாளோடும் உதவி எண் அச்சிட்ட சீட்டு போக வேண்டும்.

பலரும் எழுதத் தயங்கும் ஒரு வரி உண்டு. திட்டம் நடக்கும்போதே ஒரு மாணவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? "நாம் கவனிக்கவில்லையே" என்று மாணவத் தலைவர்கள்தான் முதலில் நொறுங்குவார்கள். அந்த வாரம் அவர்களுடைய பொறுப்பை நிறுத்திவைக்கவும், ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச ஆலோசகரை வரவழைக்கவும் தனித்தொகை ஒதுக்கியிருக்க வேண்டும்.